ஒரு மரக்கால் தவிடு

சைகோனிலிருந்து வந்த கடிதத்தை மசேர் லூசி இரண்டு தடவை படித்தார். முதலில் பிரெஞ்சில் படித்தார். அதுவே செங்கமலத்துக்குப் புரிந்துவிட்டது. பிறகு தமிழில் சொன்னார். அது அவளுக்காக இல்லை, தன் சந்தோஷத்துக்காக. புதுச்சேரிப் பட்டணத்தில் மாதாகோயில் கன்னிமார்களை எல்லோரும் மசேர் என்றுதான் அழைப்பார்கள். இந்த மசேர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டைப் பார்த்துக்கொண்டவர். கோபக்காரி. அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது ஆடி மாதத்துக் கல்யாணம் மாதிரி.

"சைகோன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு நர்ஸ் வேண்டுமாம். ரோசம்மாள் பெயரையும் உன் பெயரையும் எழுதியிருந்தேன். இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள். சித்திரை முடிவதற்குள் கப்பல்."

செங்கமலம் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதே. டிப்ளோமா இருக்கிறது. நடத்தைச் சான்று நான் தருகிறேன். உன் ஊர் மேரி ஆபீசுக்குப் போய்ப் பிறப்புச் சான்று மட்டும் வாங்கி வா. ஒரு நாள் வேலை."

ஒரு நாள் வேலை என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொள்வது நல்லது. செங்கமலத்துக்கு அப்போது அது தெரியாது.

அது 1935ஆம் வருஷத்து மாசி மாதம். அவளுக்கு இருபத்து நாலு வயது. வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டில் நெல்லும் கரும்பும் பயிர் வைத்துப் பிழைக்கிற குழந்தைவேலுக்கும் தையலம்மாளுக்கும் ஒரே பெண். பன்னிரண்டு வயதில் கல்யாணம் ஆயிற்று. புருஷன் வீட்டுக்குப் போவதற்கு முன்பே, அவளுடைய பதினாலாவது வயதில், அந்தப் பையன் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தான். அவன் முகம்கூட அவளுக்குச் சரியாக நினைவில்லை. மணையில் உட்கார்ந்திருந்தபோது புகை அதிகம். முகம் தெரியாத ஒருவனுக்காக ஆயுசுக்கும் வெள்ளைப் புடவை என்பது எந்த ஊர் நியாயமோ, ஒதியம்பட்டில் அது ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. யாராவது பயணம் புறப்பட்டால் அவள் உள்ளே போய்விட வேண்டும். கரும்பு வெட்டு ஆரம்பிக்கிற அன்றைக்கு அவள் வாசல் பக்கம் வரக்கூடாது.

குழந்தைவேலுக்கு மனசு கேட்கவில்லை. ஊர் பேசினால் பேசட்டும் என்று அவளைப் பட்டணத்துக்கு அழைத்துப்போய்க் கன்னிமார் பள்ளிக்கூடத்தில் விட்டார். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று வருஷம் பிரசவம் பார்க்கவும் நோயாளியைப் பார்க்கவும் படித்து, முத்திரை போட்ட டிப்ளோமா வாங்கினாள்.

அதற்குப் பிறகுதான் வம்பு. ஆஸ்பத்திரியில் காலி இடம் இல்லை. ஊரில் பிள்ளை பெறாத வீடு இல்லை. ஆனால் எந்த வீடும் அவளைக் கூப்பிடவில்லை. பிறக்கிற பிள்ளை முதன்முதலாகப் பார்க்கிற முகம் அறுத்தவள் முகமாக இருக்கலாமா? ஆயுதத்தைச் சுடுதண்ணீரில் போடத் தெரியாத மருத்துவச்சி போதும்; அவளுக்குத் தாலி இருந்தது.

கடலூருக்குப் போய்க் கேட்டுப் பார்த்தாள். மாட்டுவண்டியில் காலையில் கிளம்பினால் மாலைக்குள் போய்விடலாம். இருந்தாலும் அது இங்கிலீஷ்காரன் ராஜ்யம், வழியில் ஆறு, சுங்கச்சாவடி, மூட்டை முடிச்சுச் சோதனை. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டிப்ளோமாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிரெஞ்சு டிப்ளோமா இங்கே செல்லாது, வேண்டுமானால் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு வந்து முதலிலிருந்து மூன்று வருஷம் எங்களிடம் படி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வருகிற காய்ச்சல் வேறு சாதி போலிருக்கிறது.

சைகோன் அப்படி இல்லை. அங்கேயும் பிரெஞ்சுக்காரன்தான், இந்த டிப்ளோமா அங்கே செல்லும். அதைவிட முக்கியமான ஒன்றை ரோசம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ரோசம்மாள் அவளோடு படித்தவள், பாகூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். "அங்க நர்ஸுன்னா எல்லாருக்கும் வெள்ளை உடுப்புதான்டி. எவ புருஷன் இருக்கான், எவ புருஷன் பூட்டான்னு எவனும் கண்டுபுடிக்க முடியாது."

அந்த வார்த்தையைச் செங்கமலம் பத்து நாள் மனசுக்குள் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டாள்.

வில்லியனூர் மேரி என்பது கொம்யூன் என்கிற அந்த வட்டாரத்து ஊர்களுக்குப் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் பதிகிற ஆபீஸ். அங்கே குமாஸ்தா சிவப்பிரகாசம். பொடி போடுகிறவர், ஆனால் நல்லவர். பெயரையும் வருஷத்தையும் கேட்டுக்கொண்டு தடித்தடியான புத்தகங்களை இறக்கினார். விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"குழந்தைவேல், தையலம்மாள், ஒதியம்பட்டு. இதோ. பலராமன், 1905. அமுதம், 1907. வீரப்பன், 1909. மூணு பேரும் தவறிப்போன பதிவும் இருக்குது. ஐயோ பாவம், ஒண்ணுகூட ஒரு வயசு தாண்டல." கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்த்தார். "அதுக்கப்புறம் அந்த வூட்ல பொறப்பே இல்லியேம்மா."

"நான் 1911ங்க."

"பாத்துட்டேன். பத்துலயும் இல்ல, பன்னண்டுலயும் இல்ல. நீ பொறக்கவே இல்ல."

கிண்டலுக்குச் சொல்லவில்லை. புத்தகத்தில் இருந்ததைச் சொன்னார்.

கொல்லையில் கரும்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த குழந்தைவேல், மகள் சொன்னதைக் கேட்டதும் மண்வெட்டியை வரப்பில் வைத்தார். வியர்வையைத் துடைத்தார். எங்கேயோ பார்த்தார். தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்ட முகம்.

பாதிக் கதை அவளுக்குத் தெரியும். அவள் தவிட்டுக்கு விற்ற பிள்ளை. அடுத்தடுத்துப் பிள்ளைகள் தவறிப்போன வீட்டில் அடுத்து ஒன்று பிறந்தால் அதை விற்றுவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். குழந்தையை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்தார்கள். சேரியிலிருந்து காசம்மாள் ஒன்றும் அறியாதவள் போல அந்த வழியாக வந்தாள். அவள் இவர்கள் நிலத்தில் வேலை செய்கிற சூசைநாதனுடைய பெண்சாதி. "இன்னா ஆண்டச்சி, புள்ள விலைக்கா?" என்று தையலம்மாளைக் கேட்டாள். ஒரு மரக்கால் தவிட்டைக் கொட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். நாலடி நடந்து திரும்பி வந்து, "என் புள்ளைய வளத்துக் குடுங்க" என்று தையலம்மாள் கையிலேயே கொடுத்தாள். இனி அது காசம்மாளின் பிள்ளை. இந்த வீட்டுப் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு எமன் வந்தால் ஏமாந்து திரும்ப வேண்டியதுதான். அன்றிலிருந்து தையலம்மாள் செங்கமலத்தை ஒருநாளும் மகளே என்று கூப்பிட்டதில்லை. 'காசம்மா பொண்ணு' என்பாள். செங்கமலமும் பெற்றவளை அம்மா என்றதில்லை. 'அத்த' என்றுதான் பழக்கியிருந்தார்கள். பொங்கலுக்குப் பொங்கல் காசம்மாளுக்கு இந்த வீட்டிலிருந்து ஒரு புடவை போகும். ஊருக்கு இரண்டு பேராவது இப்படி இருப்பார்கள். யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை.

அவளுக்குத் தெரியாத மீதிப் பாதியை அப்பா இப்போது சொன்னார்.

"மூணையும் பொறந்த மூணாம் நாளே மேரிக்குப் போயிப் பதிஞ்சேன்மா. சட்டம்னா சட்டம்னு. பதிஞ்ச புள்ள ஒண்ணும் தங்கல. பதியாத வூட்ல எல்லாம் புள்ளைங்க வரிசையா குந்திக்கினு சோறு துன்னுது. எமனுக்கு ஆள் காட்டுறதே அந்தப் பொஸ்தகந்தான்னு எனக்குப் பட்டுது." வரப்பில் உட்கார்ந்தார். "சூசநாதன இட்டுக்கினு போயி, உன் புள்ளன்னு சொல்லுடான்னேன். சொல்லிட்டான். உன் பேருகூட வேற."

செங்கமலத்துக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மனுஷன் சர்க்காரை ஏமாற்ற நினைக்கவில்லை. எமனைத்தான் ஏமாற்றினார், சர்க்கார் நடுவில் மாட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கன்னிமார்கள் தகப்பன் வாயால் சொன்ன பெயரை எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெயரே டிப்ளோமா வரை வந்துவிட்டது. இத்தனை வருஷம் யாரும் பிறப்புச் சான்று கேட்கவில்லை. கேட்பதற்குச் சைகோன் வேண்டியிருந்தது.

மறுநாள் சிவப்பிரகாசம் அந்தப் பதிவைத் தேடி எடுத்தார். பிச்சையம்மாள். தகப்பன் சூசைநாதன், கூலி. தாய் காசம்மாள். "பேர் மாத்தம்னா நானே மேல எழுதிப் பாப்பேன். இது அப்பன் ஆத்தாளே மாத்தம். கோர்ட்டுதான் சொல்லணும்" என்றார்.

பட்டணத்தில் வக்கீல் சுப்பராயலு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேஜைமேல் விரலால் தாளம் போட்டார். சூசைநாதன் செத்துப் பல வருஷம் ஆகிறது. பொய்யாகப் பதியச் சொன்னவரே குழந்தைவேல் என்பதால் அவர் சொல்லுக்கு மட்டும் மதிப்பில்லை. பெற்றவளும், பதிவில் தாயாக இருப்பவளும் நீதிபதி முன்னால் ஒரே மாதிரிச் சொன்னால் உத்தரவு கிடைத்துவிடும். கப்பலுக்கு முன்பே வாங்கிவிடலாம்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதைவிடச் சுலபமா ஒரு வழி இருக்கு. பதிவைத் தொடவே வேணாம். காசம்மாள் வந்து, 'ஆமாம், என் மகள்தான், இவங்க வூட்ல வளந்தா, செங்கமலம்னு கூப்பிட்டாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். ரெண்டு பேரும் ஒருத்திதான்னு ஒரு காகிதம் வாங்கிடலாம்."

குழந்தைவேல் எழுந்துவிட்டார். "என் பொண்ண சேரிப் பொண்ணுன்னு கோர்ட்ல சொல்றதா?"

"எழுதி வெச்சது நீங்கதானே."

அவர் மறுபடி உட்கார்ந்தார். இரண்டு பேரும் செங்கமலத்தைப் பார்த்தார்கள். "உள்ளதையே சொல்லலாம்" என்றாள் அவள். உண்மை பேச வேண்டும் என்று மசேர் பழக்கியிருந்ததால் சொன்னாளா, சேரிப் பெயர் தனக்கும் கசந்ததால் சொன்னாளா என்பது அன்றைக்கு அவளுக்கே தெரியவில்லை. பின்னாளில் தெரிந்தது. தெரிந்து என்ன?

காசம்மாளை நடவு வயலில் போய்ப் பார்த்தாள். சேற்றுக் கையோடு கேட்டுக்கொண்டவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "வரேன் பாப்பா. பொய்யாப் பதிஞ்சதுக்கு ஜெயில்ல போட்டா போடட்டும். அங்கயும் களை எடுக்கத்தான் சொல்லுவான், வேற இன்னா?" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்று முடியை எடுத்தாள்.

பயந்த இடம் சுலபமாக முடிந்தது. பயப்படாத இடத்தில்தான் முட்டிக்கொண்டது. அரிசி களைந்துகொண்டிருந்த தையலம்மாளிடம் செங்கமலம் விஷயத்தைச் சொன்னபோது, அவள் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

"நான் சொல்ல மாட்டேன்."

"ஒரு வார்த்த அத்த. நீ பெத்ததுன்னு ஒரு வார்த்த."

"நீ கப்பல் ஏறு. நான் குறுக்க படுத்தனா? போயி மகராசியா இரு. அத மட்டும் என் வாயால கேக்காத."

"எனக்கு இருபத்து நாலு வயசு ஆவுது. இன்னமுமா எமன் எனக்காக காத்துக்கினு இருக்கான்?"

தையலம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "வீரப்பன் பொறந்தப்ப நான் ஊரெல்லாம் சொன்னேன்டி. என் புள்ள, என் புள்ளன்னு தெருவுல போறவளக் கூப்புட்டுக் காட்டினேன். பால் குடிச்சிக்கினு இருக்கும்போதே நின்னுபூட்டுது. உனக்கு மருந்து தெரியும். எனக்கு இதுதான் தெரியும். ஒரு மரக்கால் தவுட்டுக்கு வித்து உன்ன இருபத்து நாலு வருசம் வெச்சிருக்கேன். சர்க்கார் பொஸ்தகத்துல, நீதிபதி எதிர்ல, சத்தியம் பண்ணி அத இல்லன்னு சொல்லச் சொல்றியா? அதுவும் நீ கடல்மேல போவும்போது?"

குழந்தை ஏன் மூச்சு நின்று போயிருக்கும் என்பதற்குச் செங்கமலம் படித்த புத்தகத்தில் நாலைந்து காரணம் இருந்தது. அதில் ஒன்றுகூட இந்த அடுப்பங்கரையில் நிற்கவில்லை. அவள் கெஞ்சினாள். குழந்தைவேல் கத்திப் பார்த்தார், பிறகு அவரும் கெஞ்சினார். நாலாம் நாள் தையலம்மாள், "சரி, வரேன்" என்றாள். செங்கமலம் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, நாலு பேரும் வில்லியனூரில் ரயில் ஏறினார்கள். தையலம்மாள் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி நல்ல புடவை கட்டியிருந்தாள். காசம்மாள் பொங்கலுக்குக் கிடைத்த புடவையில், கதவோரம் தனியாகக் குந்திக்கொண்டாள்.

நீதிபதி வெள்ளைக்காரர், வயதானவர். பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர். காசம்மாள்தான் முதலில். கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாள். முறம், குப்பைமேடு, தவிடு ஒன்றையும் விடவில்லை. "நான் பெக்கலிங்க சாமி. பெத்தது ஆண்டச்சி. என் புருஷன் பதிஞ்சது பொய்." நீதிபதிக்குத் தவிட்டை விளக்குவதற்குள் மொழிபெயர்ப்பாளருக்கு வியர்த்துவிட்டது. நீதிபதி சிரிக்கவில்லை, முன்னால் சாய்ந்து அக்கறையாகக் கேட்டார். செங்கமலத்துக்கு நம்பிக்கை வந்தது. சுப்பராயலு அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், முடிந்த மாதிரிதான் என்று.

தையலம்மாளைக் கூப்பிட்டார்கள். அவளும் கையைத் தூக்கினாள்.

"இந்தப் பெண் நீங்கள் பெற்ற மகளா?"

தையலம்மாள் செங்கமலத்தைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. குழந்தைவேல், "சொல்லு" என்று முணுமுணுத்தார்.

"இல்லிங்க" என்றாள் தையலம்மாள். "இது காசம்மா பொண்ணு."

மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். செங்கமலத்துக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்பதால், அவள் அதை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

சுப்பராயலு ஏதோ சொல்ல எழுந்தார். அதற்குள் பின்னாலிருந்து காசம்மாள் ஓடிவந்தாள். கெட்டிக்காரி; காரியம் எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று அவளுக்கு நொடியில் தெரிந்துவிட்டது. "ஆமாங்க சாமி! என் பொண்ணுதான்! நான் பெத்ததுதான்! முன்ன சொன்னது பொய்!" என்று கத்தினாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். கால்மணி முன்பு பெறவில்லை என்று சத்தியம் செய்தவள் இப்போது பெற்றேன் என்கிறாள்; இன்னொருத்தி நான் இல்லை என்கிறாள்; இந்தப் பெண் யாருடைய மகள் என்று நிரூபிக்கப்படவில்லை, மனு தள்ளுபடி, பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை கொடுக்காமல் விடுவதே பெரிது என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார். மொத்தத்தில் அரைமணி நேரம் ஆகவில்லை.

முதலிலேயே எல்லோரும் சேர்ந்து ஒரு பொய் சொல்லியிருந்தால் சைகோன். மெய் சொல்லப் போனதால் ஒதியம்பட்டு.

வெளியே வந்ததும் குழந்தைவேல் பெண்டாட்டியை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை தானாகவே இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது அந்தக் கைதானே. தையலம்மாள் நகரவில்லை. "வரேன்னுதான் சொன்னேன். சொல்றேன்னு சொன்னனா?" என்றாள். பூவரச மர நிழலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்து, முதல் உருண்டையைச் செங்கமலத்திடம் நீட்டினாள். "காலைலேந்து ஒண்ணும் துன்னல நீ."

செங்கமலத்துக்கு அதைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் பசித்தது. வாங்கித் தின்றாள். தின்னும்போது அவளுக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அப்பன்மேல் வைக்கலாம் என்றால், அவள் பிழைக்க வேண்டும் என்றுதான் அவர் செய்தார். இவள்மேல் வைக்கலாம் என்றால், இவளும் அதற்காகத்தான் செய்தாள். நீதிபதி சட்டத்தைப் பார்த்தார். கெட்டவர் என்று கைகாட்ட ஒரே ஒருவர் கிடைத்திருந்தால்கூட அவள் மனசு ஆறியிருக்கும்.

மசேர் லூசி சைகோனுக்கு எழுதிப் பார்த்தார். சான்று இல்லாமல் முடியாது என்று தந்தி வந்தது. சித்திரைக் கடைசியில் ரோசம்மாளை வழியனுப்பச் செங்கமலம் கடற்பாலத்துக்குப் போனாள். கப்பல் தூரத்தில் நின்றது; படகில் போய்த்தான் ஏற வேண்டும். படகில் இறங்கும்போது ரோசம்மாள் அழுதாள், "எழுதறேன்டி" என்றாள். படகில் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. கூட வந்திருந்த மசேர் திரும்பும் வழியில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தெர்மாமீட்டரும் நல்ல கத்தரிக்கோல் ஒன்றும் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு செங்கமலத்தின் வாழ்க்கையைச் சொல்ல அதிக நேரம் பிடிக்காது. ஊர் அவளைக் கூப்பிடவில்லை, சேரி கூப்பிட்டது. காசம்மாள்தான் முதலில் வந்து ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே யாரும் அவள் நெற்றியைப் பார்க்கவில்லை. வலி வந்த பெண்ணுக்குக் கையைப் பார்க்கத்தான் நேரம் இருந்தது. வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து பிரசவம். பிள்ளை பிறந்ததும் மேரியில் பதியச் சொல்லி, அவர்கள் பதிகிறவரை விடமாட்டாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் பொல்லாதவள் என்று பெயர். கத்தியால் அறுத்து எடுக்க வேண்டிய பிரசவம் வரும்போது, பட்டணத்துக்கு வண்டி போய்ச் சேருவதற்குள் அவள் மடியிலேயே சிலர் செத்தார்கள். சைகோனிலிருந்து ரோசம்மாள் நாலைந்து கடிதம் போட்டாள். யுத்தம் வந்ததும் அதுவும் நின்றுவிட்டது.

1942ல் ஐப்பசி மழையில் தையலம்மாளுக்கு மார்ச்சளி கண்டது. செங்கமலம் பதினோரு நாள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஆவி பிடிக்க வைத்தாள், ஒத்தடம் கொடுத்தாள், மணிக்கொருதரம் தெர்மாமீட்டர் வைத்தாள். படித்ததை எல்லாம் பெற்றவளுக்குச் செய்தாள். பதினோராம் நாள் மத்தியானம் தையலம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"ஏ காசம்மா பொண்ணு. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் அத்த."

அவ்வளவுதான். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் அடங்கிவிட்டாள். பெண்கள் வந்து குளிப்பாட்டத் தூக்கியபோது, செங்கமலம் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அம்மா என்றாள். முப்பத்தோரு வயதில் முதல் தடவை. சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

குழந்தைவேலுக்குப் பார்வை போய்விட்டிருந்தது. அதனால் மறுநாள் இறப்பைப் பதியச் செங்கமலம்தான் சாட்சிக்குப் பங்காளி ஒருவரை அழைத்துக்கொண்டு மேரிக்குப் போனாள். சிவப்பிரகாசம் இன்னும் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பெயர், ஊர், நேரம் எல்லாம் கேட்டு எழுதினார். ஓர் இடத்தில் பேனா நின்றது.

"இறந்தவங்களுக்கு நீ இன்னா உறவுன்னு போடணும்மா."

"மக."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரியாதா தாயி? ஆனா கோர்ட்டு உத்தரவு இங்கதான் இருக்குது. நான் எப்படிப் போடுவேன்?"

"அவங்க சொல்லக்கூடாதுன்னுதான் இத்தினி நாளு. இனிமே இன்னா?" என்றாள். அது அவருக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. "உங்களால போட முடிஞ்சதப் போடுங்க" என்றாள்.

எழுதி முடித்ததும், சட்டப்படி உரக்கப் படித்துக் காட்டினார். தையலம்மாள், ஒதியம்பட்டு, குழந்தைவேலின் மனைவி. பெற்ற பிள்ளைகள் மூவர்: பலராமன், அமுதம், வீரப்பன். மூவரும் முன்பே இறந்துவிட்டனர். உயிரோடு பிள்ளைகள் இல்லை. தகவல் கொடுத்தவர், இறந்தவருக்குத் தெரிந்தவர்.

"சரியாம்மா?"

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, மசேர் பழக்கிக் கொடுத்த கையெழுத்தில் செங்கமலம் என்று போட்டாள்.